நாலு மூலையிலும் மஞ்சள்

நியூ ஜெர்சியின் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் நாங்கள் வாடகைக்கு இருந்த டவுன்ஹவுஸில் ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை இருந்தது. சுத்தப் பருத்தி. அதை மாட்டிக்கொண்டு என் கணவர் செய்த ஒரே வேலை காமிக்ஸ் படிப்பது. நானும் படிக்கலாம், தடையில்லை. ஆனால் முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், ஈரம் போகத் துடைக்க வேண்டும், பிறகு இரண்டு கையையும் நீட்டி அவரிடம் காட்ட வேண்டும். கல்யாணத்தில் என் கையைப் பிடித்தபோதுகூட இந்த மனிதர் அதை இவ்வளவு உற்றுப் பார்க்கவில்லை. சில நாள் வேண்டுமென்றே ஊறுகாய் தொட்ட விரலோடு போய் நிற்பேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. அவர் ஒரு மருந்துக் கம்பெனியில் கெமிஸ்ட். நான் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில், இரண்டாயிரமாவது வருஷம் பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் குழம்பிப்போய்விடும் என்ற பயத்தில், பழைய புரோகிராம்களில் தேதி எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். காலையில் ரூட் எய்ட்டீனில் இருவரும் ஆளுக்கொரு திசையில் வண்டியை எடுத்தால் இருட்டிய பிறகுதான் வீடு. மிச்ச நேரத்தில் உருப்படியாக ஏதாவது செய்வோம் என்று நான் சொன்னால், அவர் கையுறையை எடுப்பார்.

அவர் ஈரோட்டுக்காரர். பள்ளிக்கூட நாளில் அவருக்குச் சோறு தண்ணி எல்லாமே தமிழில் வந்த பிரிட்டிஷ் காமிக்ஸ்தான். உள்ளங்கை அளவுப் புத்தகம், சாணி பேப்பர், இரண்டு தடவை புரட்டினால் மை விரலில் வந்துவிடும். அதிலே அவருக்கு உயிரான கதை ஒன்று. கடலோரக் கலங்கரை விளக்கத்தில் குடியிருக்கும் ஓர் ஒற்றன். எந்நேரமும் மழைக்கோட்டு, நனைந்த தலை. ஒரு கட்டத்தில் அந்த ஒற்றன் படிக்கட்டின் உச்சியில் நின்றுகொண்டு, எதிரே ஒன்றுமே இல்லாத வெற்றுக் கடலைப் பார்த்து நடுநடுங்குவான். ஏன் நடுங்குகிறான் என்று புத்தகத்தில் இல்லை. வகுப்பில் யாருக்கும் தெரியவில்லை.

பதில் நியூ ஜெர்சியில் கிடைத்தது. பக்கத்து ஊர் ஹோட்டல் ஒன்றில் நடந்த காமிக்ஸ் சந்தைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஒரு வியாபாரி பழைய லண்டன் வாரப் பத்திரிகைகளை பிளாஸ்டிக் உறையில் போட்டு அடுக்கியிருந்தார். ஒவ்வொரு பக்கமும் தினசரிப் பேப்பர் மாதிரி பெரிசு. புரட்டிக்கொண்டே வந்த என் கணவர் ஓரிடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதே படி, அதே ஒற்றன். ஆனால் படம் அங்கே முடியவில்லை. வலப்பக்கம் இன்னும் அத்தனை அகலத்துக்கு நீண்டு, கடலைப் பிளந்துகொண்டு ஒரு நீர்மூழ்கிக் கப்பல் எழும்பிக்கொண்டிருந்தது. தமிழில் போட்டவர்கள் உள்ளங்கைக்குள் அடக்க வேண்டுமே என்று கப்பலை வெட்டிவிட்டிருக்கிறார்கள்.

"பாதிப் படத்தை வெட்டிட்டாங்க," என்றார் என்னிடம், யாரோ செத்துப்போன மாதிரி. "இத்தனை வருஷமா அவனைப் பயந்தாங்கொள்ளின்னு நெனைச்சுட்டிருந்தேன்."

அன்றைக்கே அவர் தலையில் ஏறிவிட்டது. அந்தக் கதையை முழு அளவில், நல்ல தாளில், தைத்துக் கட்டிய அட்டையோடு, இருநூறே பிரதி போட்டு, சேகரிப்பாளர்களுக்கான பதிப்பாகக் கொண்டுவர வேண்டும். சான் ஹோசேயில் அவருடைய கல்லூரிச் சிநேகிதர் ஒருவர் இருந்தார். இதே பைத்தியம், கொஞ்சம் வேறு டோஸ். பக்கங்களை ஸ்கேன் பண்ணி, அழுக்கைத் துடைத்து, கோடுகளைத் திருத்துவது அவர் பொறுப்பு. உரிமை வைத்திருந்த பிரிட்டிஷ் கம்பெனியோடு பேச எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு ஃபாக்ஸ் மெஷின் வந்து உட்கார்ந்தது. மிக்ஸி இருந்த இடம் அது. மிக்ஸி தரைக்குப் போனது.

உரிமை கிடைத்துவிட்டது. வேறொன்றுதான் கிடைக்கவில்லை. வரைந்தவர் பெயர். லண்டன் பத்திரிகையிலும் இல்லை, தமிழ்ப் புத்தகத்திலும் இல்லை. அச்சிட்டவர் பெயர் உண்டு, விற்றவர் பெயர் உண்டு, தமிழில் கடைசிப் பக்கத்தில் குடை விளம்பரம்கூட உண்டு. அந்தக் காலத்தில் படம் போட்டவர் பெயரைப் போடும் வழக்கமே அங்கே இல்லையாம். இன்டர்நெட்டில் பிரிட்டிஷ் காமிக்ஸ்காரர்களின் குழு ஒன்று இருந்தது. நாளெல்லாம் மின்னஞ்சலிலேயே அடித்துக்கொள்வார்கள். அதில் இங்கிலாந்துக்காரர் ஒருவர், ஒற்றனின் பூட்ஸ் கயிறு கட்டியிருக்கும் விதத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிட்டார். ஆள் உயிரோடு இருந்தார். தெற்கு இங்கிலாந்தில் கடலோர ஊர் ஒன்றில், தனியாக.

இந்தப் பக்கங்களில் யார் பெயரையும் எழுதுவதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துவிட்டேன். அவருடைய பெயரும் அதில் அடிபட்டுப் போகிறது. அந்தப் பெயருக்காக நாங்கள் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கே இது அநியாயமாகத்தான் படுகிறது.

அவரோடு முதலில் போனில் பேசியபோது என் கணவர் எழுந்து நின்றுகொண்டே பேசினார். பெரியவர் சந்தோஷப்படவில்லை. வாழ்நாள் முழுக்க அவருடைய படங்களின் மேல் பத்திரிகை ஆபீஸ்காரர்கள் கோந்து போட்டு வசனத்தை ஒட்டியிருக்கிறார்கள், முகத்தின் மேலேயே ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருக்கிறார்கள், காபிக் கோப்பையை வைத்திருக்கிறார்கள். மழை ஒழுகிய நாளில் தரையில் விரித்து மிதித்தும் நடந்திருக்கிறார்கள். மூலப் படங்களைத் திருப்பிக் கேட்டபோது குப்பைக்குப் போய்விட்டன என்று பதில் வந்ததாம். அதனால் அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். என் கணவர் அதை ஒரு சீட்டில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினார்; அதனால் எனக்கு இன்றும் அச்சு மாறாமல் நினைவிருக்கிறது.

"என் பெயர் போட்ட பக்கத்தில் என் பெயரைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. முடியாது என்றால் பெயரை எடுத்துவிடுங்கள். பெயர் இல்லாமல் இருந்து எனக்குப் பழக்கம்தான்."

சொன்னதோடு நிற்கவில்லை. முதல் பக்கத்தின் மாதிரி அச்சை அனுப்பினோம். கடுகைவிடச் சின்னதாய் ஒரு புள்ளியைச் சிவப்பில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார். அடுத்த மாதிரிக்குத்தான் சரி சொன்னார். வழவழவென்ற வெள்ளைப் பக்கம், சுற்றிலும் அவர் ஆட்சேபிக்காமல் விட்ட மெல்லிய கருப்புக் கட்டம், நட்டநடுவே கருப்பு எழுத்தில் அவர் பெயர். என் கணவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தக் கட்டம் எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கே என்று பிடிபடவில்லை, விட்டுவிட்டேன்.

புத்தகம் பென்சில்வேனியாவில் ஓர் அச்சகத்தில் தயாரானது. இரண்டு வாரத்தில் இங்கிலாந்தில் அந்தக் குழுவினர் ஒரு கூட்டம் வைத்திருந்தார்கள். பெரியவரை மேடையில் உட்காரவைத்து, முதல் பிரதியை அவர் கையில் கொடுப்பதாக ஏற்பாடு. என் கணவர் போக முடியாது. கிரீன் கார்டு பாதியில் நிற்கிறது, நாட்டை விட்டு வெளியே கால் வைத்தால் திரும்ப விடுவார்களோ என்னவோ. பூட்ஸ் கயிற்று ஆளிடம் மொத்தமாக அனுப்பிவிட்டு, இங்கே இருக்கும் தமிழர்களுக்குத் தனியாகத் தபாலில் அனுப்புவதாகத் திட்டம். பிரதிக்குப் பிரதி எண் போட்டிருந்தோம். நம்மவர்கள் எல்லோருக்கும் மொய் வைப்பது மாதிரி கடைசியில் ஒன்று வரும் எண்தான் வேண்டும். எட்டாம் எண்ணைத் தொட ஆளே இல்லை. நூற்றியொன்று யாருக்கு என்பதில் சான் ஹோசே சிநேகிதருக்கும் என் கணவருக்கும் பேச்சுவார்த்தை நின்றே போகும்போல இருந்தது.

இந்தச் சமயத்தில் எங்கள் வீட்டில் என் மாமனார் இருந்தார். ஹூஸ்டன் பக்கத்துச் சுகர் லேண்டில் நாத்தனாருக்குப் பிரசவம், மாமியார் அங்கே. பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டில் ஆம்பளைக்கு என்ன வேலை என்று மாமாவை எங்களிடம் விட்டுவைத்திருந்தார்கள். ரிட்டயர்டு ஓவர்சியர். பார்க்கும் எதையும் நேர்கோட்டில் வைத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். எங்கள் வீட்டுச் செருப்புகளை அளவு வாரியாக அடுக்கினார், மசாலா டப்பாக்களின் லேபிளை ஒரே பக்கம் பார்க்கத் திருப்பினார். மிச்ச நேரத்தில் டிவியில் வெதர் சேனல். நாங்கள் போயே பார்த்திராத மாநிலத்தில் பனி எத்தனை அங்குலம் என்று இரவு சாப்பாட்டின்போது சொல்வார்.

ஊரிலிருந்து வரும்போது மஞ்சள் கொண்டுவந்திருந்தார். ஈரோட்டுக்காரர் வெறுங்கையோடு வருவாரா? விரலி ஒரு பை, அரைத்தது ஒரு டப்பா. ஏர்போர்ட்டில் அதிகாரி டப்பாவைத் திறந்து மூக்கைக் கொண்டுபோக, நல்லா மோந்து பாருங்க, சளிக்கு நல்லது என்று தமிழிலேயே சொன்னாராம்.

புத்தகப் பெட்டிகள் வந்து இறங்கிய அன்று என் கணவர் கையுறையோடு ஒரு பிரதியை எடுத்து அப்பாவுக்குக் காட்டினார். முதல் முறையாக இந்த மனுசன் பெயர் அச்சாகியிருக்கிறது, வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் அனுப்பப்போகிறோம் என்று பெருமையாகச் சொன்னார். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த முதல் பக்கத்தையே பார்த்தார். முகம் கொஞ்சம் சுருங்கியது. அந்தப் பிரதியை என் கணவர் துவாலையில் சுற்றி, ஆபீஸில் காட்டுவதற்காகக் கையுறையையும் சேர்த்துக் காரின் பின்பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை இரவு நாங்கள் வீட்டுக்கு வந்தபோது கூடம் முழுக்கப் புத்தகங்கள் வரிசையாகத் திறந்து வைக்கப்பட்டிருந்தன. நேர்கோட்டில். நடுவே மாமா சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ஒரு கிண்ணம், தீக்குச்சியில் சுற்றிய பஞ்சு. பின்னால் வெதர் சேனல் ஓடிக்கொண்டிருந்தது.

"எல்லாத்துக்கும் வெச்சாச்சு அம்மிணி," என்றார் என்னைப் பார்த்து. "ஒண்ணுகூட விடலை. மடிச்சுராதீங்க, இன்னும் காயோணும்."

ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும், பெரியவரின் பெயர் இருந்த அந்தப் பக்கத்தில், நான்கு மூலையிலும் மஞ்சள். கல்யாணப் பத்திரிகைக்கு வைப்போமே, அதே மாதிரி. ஆனால் நம் வீடுகளில் வைப்பதுபோல ஈஷி வைக்கவில்லை. ஸ்கேல் வைத்து அளந்த மாதிரி கச்சிதமான முக்கோணம், எல்லாம் ஒரே அளவு. ஓவர்சியர் வேலை.

என் கணவர் வாசலிலேயே நின்றார். ஒரு கையில் கையுறை மாட்டியிருந்தது, இன்னொன்று பாதியில் நின்றுவிட்டது. ஏன் மாமா என்று நான்தான் கேட்டேன்.

"பின்னே என்ன கண்ணு, உசிரோட இருக்கற மனுசன் பேரைச் சுத்திக் கருப்புக் கட்டம் கட்டி வெச்சிருக்கான் இவன். கருமாதிப் பத்திரிகையாட்டம். அப்படியே நாலு பேருக்கு அனுப்பிச்சா என்ன நெனைப்பாங்க? மூலையில மஞ்சள் வெச்சுட்டா நல்ல சேதின்னு ஆயிருமல்ல."

எனக்கு அப்போதுதான் அந்தக் கட்டத்தை எங்கே பார்த்தேன் என்று உறைத்தது. சிரிப்பை அடக்க நான் சமையலறைக்குள் ஓடினேன். என் கணவருக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை இல்லையென்றால் பனி எத்தனை அங்குலம் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதானே, யார் உங்களைத் தொடச் சொன்னது என்று கத்தினார். அதற்கு மேலும் கத்தினார். மாமா எழுந்தார். கிண்ணத்தைக் கழுவி, கவிழ்த்துவைத்துவிட்டு, மாடிக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஹூஸ்டனுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்துவிடச் சொன்னார். அவரை விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது எனக்குச் சிரிப்பு சுத்தமாக நின்றுபோயிருந்தது.

சான் ஹோசே சிநேகிதருக்கு போன் போட்டோம். அவர் சிரித்து முடிக்கும்வரை லாங் டிஸ்டன்ஸ் கட்டணம் ஓடியது. மறுபடி அச்சடிக்க நேரமில்லை. பக்கத்தைக் கிழிக்கவும் முடியாது, தைத்த புத்தகம். மஞ்சளை எடுக்க வேண்டும், அவ்வளவுதானே என்று கெமிஸ்ட் கிளம்பினார். ஜன்னல் துடைக்கும், அமோனியா கலந்த நீலத் திரவத்தைப் பஞ்சில் நனைத்து, யாருக்கும் வேண்டாத எட்டாம் எண் பிரதியின் ஒரு மூலையில் ஒற்றினார். மஞ்சள் பளீரென்று சிவப்பாக மாறியது. மஞ்சளோடு சுண்ணாம்பைச் சேர்த்தால் குங்கும நிறம் வரும் என்பது எங்கள் தெருவில் ஆரத்தி கரைக்கும் பெண்களுக்கெல்லாம் தெரியும். அமெரிக்காவில் டாக்டர் பட்டம் வாங்கியவர் அதை மறந்துவிட்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அமோனியா ஆவியானதும் அந்தச் சிவப்பு தானாகவே திரும்ப மஞ்சளாகிவிட்டது. அவர் பாட்டிலை மூடிவைத்தார்.

அதற்குப் பிறகு நடந்தது என் கைவேலை. புத்தகத்துக்குள் வைக்க ஒரு சின்னச் சீட்டு அடித்தேன், நல்ல ஆங்கிலத்தில். தமிழில் சொன்னால் இப்படி வரும்: இந்தப் பதிப்பின் முகப்புப் பக்கத்தின் நான்கு மூலைகளும், தென்னிந்திய மரபுப்படி, ஈரோட்டிலிருந்து தருவிக்கப்பட்ட இயற்கை நிறத்தால், ஒவ்வொரு பிரதியிலும் தனித்தனியாகக் கையால் தீட்டப்பட்டவை. ஒரு வார்த்தை பொய் கிடையாது. என் கணவர் படித்துவிட்டு, நீ இன்சூரன்ஸ் கம்பெனியில் இருக்க வேண்டியவள்தான் என்றார்.

சேகரிப்பாளர்கள் விழுந்துவிட்டார்கள். நிறம் நாள்பட நிற்குமா, வெயிலில் வைக்கலாமா, தீட்டிய கலைஞர் வேறு பதிப்புகளுக்கும் செய்வாரா என்றெல்லாம் மின்னஞ்சல் வந்தது. ஆனால் எங்கள் கவலை அது இல்லை. பெரியவர்தான். காரின் பின்னால் துவாலைக்குள் கிடந்து தப்பிய அந்த ஒரே சுத்தப் பிரதி அவருக்கென்று தனியாகப் போயிற்று. அதை மட்டும் அவர் பார்த்தால் போதும், மற்றவர்களுடையதை எட்டிப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று, சாமி கும்பிடாத என் கணவர், பிரிட்ஜ்வாட்டர் கோவிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார்.

சாமி எங்கேயோ வேறு வேலையாக இருந்திருக்க வேண்டும். கூட்டத்துக்கு டை கட்டிக்கொண்டு வந்த பெரியவரிடம் எல்லோரும் தங்கள் பிரதியை நீட்டிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அதுவும் அந்தப் பக்கத்திலேயே.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. என் கணவர் எடிசனுக்கு மளிகை வாங்கப் போயிருந்தார். பெரியவர் வணக்கம்கூடச் சொல்லாமல், அந்த மஞ்சள் என்ன என்றார். சீட்டில் எழுதியதை நான் ஒப்பிக்கத் தொடங்கினேன். அவர் நிறுத்தினார். தான் பிழைத்ததே நிறத்தைக் குழைத்து என்றும், இது வண்ணமில்லை, சமையலறை வாசனை வருகிறது என்றும் சொன்னார். இனிமேல் மறைத்துப் பயனில்லை. என் மாமனார் செய்தது என்றேன். நல்ல காரியத்துக்கு யார் பெயரையாவது அச்சடித்து ஊருக்கெல்லாம் அனுப்பினால் நாங்கள் நான்கு மூலையிலும் இதைத்தான் வைப்போம். கருப்புக் கட்டம் போட்டு மஞ்சள் இல்லாமல் அனுப்பினால் அந்த ஆள் செத்துப்போய்விட்டார் என்று அர்த்தம். நீங்கள் உயிரோடு இருப்பதால் அவருக்கு மனசு கேட்கவில்லை.

பெயரை எடுக்கச் சொல்லப்போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அந்தக் கட்டத்தைப் பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது," என்றார். பிறகு, "அப்படியானால் செத்துப்போன புத்தகம் என்னிடம் இருப்பது மட்டும்தானா?"

மறுவாரம் அந்தச் சுத்தப் பிரதி கெட்டியான உறையில் எங்களுக்குத் திரும்பி வந்தது. மஞ்சள் வைத்து அனுப்ப வேண்டும், அதே கை வைக்க வேண்டும், வேறு யாராவது வைத்தால் தனக்குத் தெரிந்துவிடும் என்று போனிலேயே சொல்லியிருந்தார். என் கணவர் நாலைந்து நாள் அதைக் கையுறையோடு தூக்கிவைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றினார். கடைசியில் சுகர் லேண்டுக்கு போன் போட்டார். நான் இன்னொரு ரிசீவரை எடுத்து ஒட்டுக்கேட்டேன். இதில் எனக்கு வெட்கமே கிடையாது. அப்பா, தப்பா பேசிட்டேன் என்று அவர் ஆரம்பித்ததும் மாமா குறுக்கிட்டு அங்கே பனி விட்டுவிட்டதா என்று கேட்டார். இவர் விஷயத்தைச் சொன்னார்.

"சுத்தமா இருக்கோணும்னு சொன்னியேப்பா," என்றார் மாமா, பச்சைப்பிள்ளை மாதிரி. "சரி, அனுப்பி வை. நாள் பார்த்துத்தான் வைப்பேன். அவசரப்படுத்தக் கூடாது."

நல்ல நாள் பார்க்க அவருக்கு மூன்று வாரம் ஆயிற்று. வேண்டுமென்றுதான். அதற்குள் என் கணவர் இளைத்தே போனார். வைத்து முடித்ததும் மாமாவே தபாலாபீசுக்குப் போய் நேராக இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார், எங்கள் கண்ணில் காட்டவில்லை.

பெரியவர் போன் செய்தபோது என் கணவரே எடுத்தார். மஞ்சள் நன்றாக வந்திருக்கிறதாம். ஆனால் தன் பெயருக்குக் கீழே பேனாவில் ஏதோ எழுதியிருக்கிறது, அது மற்றவர்கள் பிரதியில் இல்லையே, என்ன அது, திட்டா என்று கேட்டார். ஓரத்தில் திட்டு எழுதுவது அந்தக் காலத்து ஆபீஸ்காரர்களுக்கு வழக்கமாம். மன்னிப்புக் கேட்கத் தொடங்கிய என் கணவரைத் தள்ளிவிட்டு நான் ரிசீவரைப் பிடுங்கினேன். அந்த எழுத்தை அப்படியே பார்த்து வரைந்து ஃபாக்ஸ் பண்ண முடியுமா என்று கேட்டேன். வரைவதுதானே என் வேலை என்றார்.

மறுநாள் சமையலறையில் அந்த மெஷின் முனகிக்கொண்டு தாளைத் தள்ளியது. நாங்கள் இரண்டு பேரும் குனிந்து நின்றோம். முதலில் தடிப்பும் மெலிவுமாக ஒரு கோடு இறங்கியது. ஒற்றனின் மழைக்கோட்டை வரைந்த அதே தூரிகை. பிறகு ஒரு சுழி, ஒரு கொம்பு. தமிழே தெரியாத மனிதர், ஓர் எழுத்து தப்பாமல், மாமாவின் ஓவர்சியர் கையெழுத்தைப் படமாகவே வரைந்து அனுப்பியிருந்தார். பத்திரிகைக்கு மஞ்சள் வைத்தால் மட்டும் போதுமா, யாருக்கு என்று எழுத வேண்டாமா? உயர்திரு என்று போட்டு, அவர் பெயரைத் தமிழில் எழுதி, அவர்கள் குடும்பத்துடன் என்று முடித்திருந்தார் மாமா.

என் கணவர் அந்தப் பெயரை வாய்விட்டுப் படித்தார். ஈரோட்டில் அத்தனை புத்தகங்களிலும் எங்குமே இல்லாத பெயர். தாளைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். கையுறை போட்டிருக்கவில்லை.

பெரியவருக்கு நான்தான் போன் செய்து சொன்னேன். திட்டு இல்லை, உங்கள் பெயர். முன்னால் இருப்பது மரியாதை, பின்னால் இருப்பதும் மரியாதை. கடைசி வார்த்தைக்கு, உங்கள் குடும்பத்தார் எல்லோரையும் சேர்த்துத்தான் கூப்பிடுகிறோம் என்று அர்த்தம்.

எனக்கு ஒரு பூனைதான் இருக்கிறது என்றார் அவர். அதையும் சேர்த்துத்தான் என்று சொன்னேன்.